ஷூவின் அடியைப் பார்த்துப் பெடல் வாங்கு

குன்னூர்

அன்பு மகளுக்கு,

எந்தப் பெடல் வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய படங்களில் சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் தெரிகிற படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தேன். குதிகாலிலும் விரல் பக்கமும் தடித்த ரப்பர்; இடையில் ஒரு பள்ளம்; பள்ளத்துக்குள் பக்கம் பக்கமாக இரண்டு துளைகள். ஷூவின் அடியில் திருகி, பெடலில் மாட்டிக்கொள்ளும் சிறு துண்டுதான் கிளீட். உன்னுடையது எஸ்பிடி என்ற வகைக் கிளீட்டுக்கான ஷூ. உன் தோழிகள் வைத்திருக்கும் அகலமான பெடலுக்கு முக்கோணமாக மூன்று துளைகள் வேண்டும். அதை வாங்காதே கண்ணு. நடுவில் ஒரு தகடு வைத்து மாட்டித் தருவதாகச் சொல்வார்கள். அப்படி மாட்டினால் கிளீட் ரப்பரை மீறித் துருத்திக்கொண்டு நிற்கும். நடக்கவும் வாகாகச் செய்த ஷூ அதற்கு உதவாமல் போகும்.

மூன்று துளை வகையும் நல்லதுதான். 1984இல் பிரான்சின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் காலணியின் பிடியைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதைக்கொண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். ஆனால் பந்தயக்காரர் வழியில் காலை ஊன்றுவதே அரிது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990இல் கொண்டுவந்த எஸ்பிடி, கரடுமுரடான பாதையில் இறங்கி நடக்கிறவர்களுக்கானது. நீ மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறப்போகிறாய். கல்லாறு தாண்டினால் மலைதான். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பச் சாலை முழுவதும் வேண்டும். நீ ஓரமாக நின்று, அந்த ஏற்றத்திலேயே மறுபடி கிளம்ப வேண்டும். ஆகவே இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய எஸ்பிடி பெடலாகப் பார்த்து வாங்கு. எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று குனிந்து தேட வேண்டியிருக்காது.

ஷிமானோ பெடலோடு பெரும்பாலும் எஸ்எச்51 கிளீட் வரும். குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் அது கழலும். எஸ்எச்56 ஒரு ஜோடி தனியாக வாங்கிக்கொள். பதற்றத்தில் காலைச் சற்று மேல்நோக்கி முறுக்கி இழுத்தாலும் விட்டுவிடும். புதிதாகப் பழகுகிறவளுக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம். பெடலில் பிடியை இறுக்கும் சிறு திருகையும் தளர்த்தியே வை.

கிளீட் பெருவிரல் மூட்டுக்குக் கீழே, அல்லது ஒரு நூல் பின்னால் இருக்கட்டும். கோணலாக மாட்டிவிட்டு மலையேறினால் முழங்கால் வலி எடுக்கும். இதில் மட்டும் அவசரப்படாதே. கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துத் திருத்து, பிறகு இறுக்கு.

இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். மரையில் கிரீஸ் தடவி, முதலில் விரலாலேயே திருகு. பிறகு ஸ்பேனரை மேல்நோக்கிப் பிடித்து முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும்.

பெங்களூரிலேயே புல்தரையில் மாட்டிக் கழற்றிப் பழகு. வண்டி நிற்பதற்கு முன்பே கால் கழன்றிருக்க வேண்டும். அது யோசிக்காமல் வருகிற வரை மலைக்குக் கிளம்பாதே.

வரும் நாளைச் சொல். மழை பிடித்துக்கொண்டால் வழியில் உள்ள பர்லியாரில் ஒதுங்கி நில், நான் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா