தாவர எண்ணெய்த் தீவனம்: வளர்ச்சி மட்டுமே அளவுகோலா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வளர்ப்பு மீன்களின் தீவனத்தில் மீன் எண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்ப்பது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். சிறு மீன்களைக் கடலிலிருந்து அள்ளி அரைத்துப் பெருமீனுக்கு ஊட்டும் வழக்கம் குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், மாற்று எண்ணெயைத் தின்ற மீனும் அதே காலத்தில் அதே எடைக்கு வளர்ந்துவிடுகிறது என்ற ஒன்றை மட்டும் சான்றாக வைத்து, மாற்றம் முழு வெற்றி என்று கட்டுரை முடிவுகட்டியிருப்பதை ஏற்க இயலவில்லை. எடை பண்ணைக்காரரின் கணக்கு. அந்த மீனை வாங்கி உண்பவருக்கோ அதன் சதையில் என்ன கொழுப்பு படிந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

இந்த மாற்றம் மிகப் பெரிய அளவில் நடந்திருப்பது நோர்வேயின் சால்மன் பண்ணைகளில். 1990இல் அங்கு தீவனத்தில் ஏறத்தாழ 65 விழுக்காடு மீன் தூளும் 24 விழுக்காடு மீன் எண்ணெயும் இருந்தன; 2020இல் அவை முறையே 12, 10 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிட்டன. மீன் தூளின் இடத்தைப் பெரும்பாலும் சோயாப் புரதமும், எண்ணெயின் இடத்தைக் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயும் பிடித்துக்கொண்டன. இதற்கு வேறு வழியும் இருக்கவில்லை. உலகில் ஆண்டுக்குக் கிடைக்கும் மீன் எண்ணெய் ஏறத்தாழ பத்து லட்சம் டன்தான். அதில் கணிசமான பங்கு பெரு நாட்டின் நெத்திலி இன மீனை நம்பியிருக்கிறது. 2023இல் பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிகழ்வால் அந்நாட்டின் முதல் மீன்பிடிப் பருவமே கைவிடப்பட்டபோது எண்ணெய் விலை எங்கே போய் நின்றது என்பதைத் தீவனத் தொழிலில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாவர எண்ணெய் சேர்ப்பதால் டையாக்சின் போன்ற மாசுகள் மீனில் குறைகின்றன என்ற நன்மையையும் சொல்லியாக வேண்டும். கட்டுரை அதைக் குறிப்பிடாமல் விட்டது வியப்பே.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. மீனின் கொழுப்பு அது தின்னும் எண்ணெயின் சாயலைப் பெறுகிறது. இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் மீனைப் பரிந்துரைப்பது ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற, ஒமேகா-3 வகையைச் சேர்ந்த இரண்டு நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுக்காக. இவை கடலின் நுண்பாசிகளில் உருவாகி, சிறு மீன்கள் வழியாகப் பெரிய மீன்களுக்கு வந்து சேர்பவை. ரேப்சீட், சோயா, பனை எண்ணெய் எதிலும் இவை இல்லை. ரேப்சீட் எண்ணெயில் இருப்பது ஒமேகா-3 வகையிலேயே குறுகிய சங்கிலி கொண்ட ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், அதை டி.எச்.ஏ.வாக மாற்றிக்கொள்ளும் திறன் சால்மனுக்கு ஓரளவே உண்டு. ஸ்டிர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்துப் பண்ணைகளின் 3,000க்கும் மேற்பட்ட சால்மன்களைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2006க்கும் 2015க்கும் இடையில் சதையிலிருந்த இவ்விரு அமிலங்களின் அளவு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. முன்பு ஒரு முறை உண்டு பெற்றதைப் பெற, இப்போது இரண்டு முறை உண்ண வேண்டும். இவ்வளவு குறைந்த பிறகும் அந்த மீன் எந்த இறைச்சியையும் விட இவ்வமிலங்களை மிகுதியாகவே தருகிறது என்று அதே ஆய்வு சொல்வதையும் மறைக்கக் கூடாது.

மீனின் உடல்நலமும் இதில் அடங்கும். ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. குறைந்த தீவனத்தில் ஆய்வுக்கூடத் தொட்டியில் குறையின்றி வளர்ந்த மீன், கடற்கூண்டில் ஒட்டுண்ணி நீக்கும் சிகிச்சை, வெப்பம் போன்ற இடர்களைச் சந்திக்கும்போது அதே தீவனத்தில் தாக்குப்பிடிக்கத் திணறுவது நோர்வே ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. ஆகவே தொட்டியில் கிடைத்த வளர்ச்சி விகிதத்தை மட்டும் மேற்கோள் காட்டுவது அரைகுறை வாதமாகும்.

கட்டுரையாளர் எல்லா மீன்களையும் ஒரே தராசில் நிறுத்தியதும் சரியன்று. தவிடும் கடலைப் புண்ணாக்கும் தின்று குளத்தில் வளரும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் மீன் எண்ணெய் என்ற சிக்கலே பெரிதாக எழுவதில்லை. கொடுவா அப்படியன்று, ஊன் உண்ணும் அந்த மீனுக்கு ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் தீவனத்திலேயே கிடைத்தாக வேண்டும். நம் கடலோரங்களில் கொடுவா வளர்ப்பை ஊக்குவிக்க முயலும் இவ்வேளையில் இந்த வேறுபாடு தெளிவாகச் சொல்லப்பட வேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. வளரும் காலம் முழுவதும் தாவர எண்ணெய் கொடுத்து, அறுவடைக்கு முந்தைய சில மாதங்கள் மட்டும் மீன் எண்ணெய்த் தீவனத்துக்கு மாற்றினால், இழந்த அமிலங்களின் பெரும்பகுதி சதையில் மீள்கிறது. இருக்கும் கொஞ்ச எண்ணெயையும் பயன் மிகுந்த நேரத்தில் செலவிடும் முறை இது. மீனை நடுவில் வைக்காமல் நுண்பாசியிலிருந்தே நேரடியாக எண்ணெய் எடுக்கும் ஆலை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 2019 முதல் இயங்குகிறது. டி.எச்.ஏ. தரும் மரபணு மாற்றக் கனோலாவுக்கு (ரேப்சீட்டின் ஒரு வகை) ஆஸ்திரேலியா 2018இல் அனுமதி அளித்தது. அதை எத்தனை பேர் விரும்பி வாங்குவார்கள் என்பது வேறு கேள்வி.

இவற்றில் எதைப் பண்ணைகள் தேர்ந்தாலும், வாங்குபவருக்குத் தெரிவித்துவிட்டுச் செய்யட்டும். உறையில் ‘ஒமேகா-3 நிறைந்தது’ என்று மொத்தமாக அச்சிடும்போது ரேப்சீட்டிலிருந்து வந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நூறு கிராம் மீனில் ஈ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் எத்தனை கிராம் என்று தனியே குறிப்பிடுவதை இறக்குமதி மீனுக்கும் உள்நாட்டு வளர்ப்பு மீனுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. தங்கள் இதழ் இதை வலியுறுத்தி எழுதினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
மீன்வளப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்,
தூத்துக்குடி.