சங்கத்தின் ஆண்டறிக்கை: செயல்பாட்டுப் பெட்டிகளும் சந்தா பாக்கியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் ஆசிரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கையின் படி அனுப்பப்படும். அவர்கள் படிக்க வேண்டிய பகுதி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

செயற்குழு ஒவ்வொரு பருவத்திலும் கூடியது. ஒரு கூட்டம் போதிய எண்ணிக்கை சேராததால் ஒத்திவைக்கப்பட்டது. கதை சொல்லும் பயிற்சியும் காகித மடிப்புப் பயிற்சியும் நடந்தேறின. சங்க அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று.

இனி பெட்டிகள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கான செயல்பாட்டுப் பெட்டிகளைச் சங்கமே தயாரித்து உறுப்பினர்களிடையே சுற்றுக்கு விடுவது என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. பொறுப்பு செயலாளரிடம் வந்தது. சங்கப் பணம் குச்சிக்கும் ரப்பர் வளையத்துக்கும் போய்விட்டதாகவும், அதற்குச் சுவர்ப்படங்கள் வாங்கியிருக்கலாம் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. சுவர்ப்படத்தைப் பிள்ளைகள் முதல் வாரம் பார்ப்பார்கள், அதன்பின் அதுவும் சுவராகிவிடும். ஆகவே எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

குச்சிப் பெட்டி நான்கு பிள்ளைகள் கொண்ட ஒரு குழுவுக்கானது. 110 குச்சிகள், 11 சிறிய ரப்பர் வளையங்கள், ஒரு பெரிய வளையம். 100 போதாதா என்று கேட்டார்கள். போதாது. பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டையும் பெரிய வளையத்தால் ஒன்றாகச் சேர்த்து நூறாக்கிய பிறகு, 101 எப்படி இருக்கும் என்று காட்டக் கையில் குச்சி வேண்டும். கட்டுவது பிள்ளைகளின் வேலை. நேரம் மிச்சம் என்று ஆசிரியரே கட்டி வைத்துக் கொடுத்தால், கட்டுக்குள் இருப்பது பத்து என்பதைப் பிள்ளை நம்புவதில்லை. ஒவ்வொரு முறையும் பிரித்து எண்ணிப் பார்க்கும். 32இலிருந்து 15ஐ எடுக்கச் சொல்லுங்கள். மூன்று கட்டும் இரண்டு உதிரியும் இருக்கும்போது ஐந்து உதிரி கிடைக்காது. ஒரு கட்டைத் தன் கையால் அவிழ்த்தால் இரண்டு கட்டும் பன்னிரண்டு உதிரியும் ஆகிறது. ‘கடன் வாங்குதல்’ என்று கரும்பலகையில் நாம் அடித்து எழுதுவது இந்த அவிழ்ப்பைத்தான். இதைச் செய்து பார்க்காத பிள்ளை, 2இலிருந்து 5 போகாது என்றவுடன் 5இலிருந்து 2ஐக் கழித்து 23 என்று எழுதிவிடும்.

வண்ணக்கோல் பெட்டி, பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குயிசெனேர் உருவாக்கிய கோல்களின் முறைப்படி அமைந்தது. 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நீளங்கள், நீளத்துக்கு ஒரு வண்ணம். வெள்ளை 1, சிவப்பு 2, மஞ்சள் 5, நீலம் 9, ஆரஞ்சு 10. கோலின் மேல் அளவுக்கோடுகள் இல்லை. அது குறை அல்ல, வேண்டுமென்றே விட்டது. கோடு இருந்தால் பிள்ளை எண்ணத் தொடங்கிவிடும். இல்லாவிட்டால் நீளத்தை நீளத்தோடு ஒட்டி வைத்துத்தான் பார்க்க முடியும். முதல் நாளே ‘சிவப்பு என்றால் இரண்டு’ என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அப்போது பாடம் வண்ண மனப்பாடமாகிவிடுகிறது. சில நாள் இஷ்டப்படி வீடு கட்டவும் படிக்கட்டு அடுக்கவும் விட்டால், ஒரு சிவப்பும் இரண்டு வெள்ளையும் சமம் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

எழுத்துப் பெட்டியில் 18 அகர உயிர்மெய் அட்டைகளும், துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு என்று நான்கே குறித்துண்டுகளும் இருக்கின்றன. இந்த நான்கிலிருந்து ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ ஆகிய ஆறு வரிசைகளும், அதாவது 108 எழுத்துகளும் பிறக்கும். உகர, ஊகார வரிசைகளை ஏன் சேர்க்கவில்லை என்று எழுதிக் கேட்ட உறுப்பினருக்கு: கு, சு, து மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறி எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. தனித்துண்டாக வெட்ட முடியாது.

இந்தப் பெட்டியில் வழக்கமாக வரும் தடுமாற்றம் கொம்பில்தான். ஒலிக்கும்போது மெய் முன்னே, உயிர் பின்னே. எழுதும்போது கொம்பு முன்னே. காதில் விழுந்த வரிசைப்படி பிள்ளை கொம்பை வலப்பக்கம் வைக்கும். ‘கெட’ என்று அடுக்க நினைத்தது ‘கடெ’ ஆகிவிடும். உடனே திருத்த வேண்டாம், பக்கத்துப் பிள்ளையை வாசிக்கச் சொன்னால் போதும். அடிப்பலகையில் இடம், நடு, வலம் என்று மூன்று பள்ளங்கள் செதுக்கியிருப்பது இதற்காகத்தான். சில வகுப்புகளில் பலகையைத் தனியே எடுத்துவைத்துவிட்டு அட்டைகளை மட்டும் பயன்படுத்துவதாக அறிகிறேன். அது பெட்டியின் பாதியை எறிவதற்குச் சமம்.

தராசுப் பெட்டி ஒரு சட்டை மாட்டியும் இரண்டு கிண்ணங்களும்தான். கிண்ணங்கள் கொக்கியிலிருந்து ஒரே தொலைவில் தொங்க வேண்டும். நூலின் நீளத்தைவிட இந்தத் தொலைவு முக்கியம். சுவரில் உரசினால் தராசு பொய் சொல்லும், ஆகவே சுவரைவிட்டு விலக்கி மாட்டுங்கள். வெறுங்கிண்ணத்திலேயே சாய்ந்தால், மேலே போன பக்கத்தில் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி நேராக்கலாம். பெரிய பஞ்சுத் துண்டையும் சிறிய கல்லையும் முதலில் கொடுங்கள். பெரியதுதான் கனம் என்ற முடிவு அங்கேயே ஆட்டங்காணும்.

பிசைமாவு: இரண்டு கிண்ணம் மாவு, ஒரு கிண்ணம் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஏறத்தாழ ஒரு கிண்ணம் தண்ணீர். தண்ணீரை மொத்தமாக ஊற்றக் கூடாது, மாவுக்கு மாவு அது குடிக்கும் அளவு வேறு. உப்பு பூஞ்சையைத் தள்ளிப்போடும். ஆனால் ஈரக்காலத்தில் அதுவே காற்றின் ஈரத்தை இழுத்து மாவைப் பிசுபிசுக்க வைக்கும், அப்போது உலர்மாவு தூவிப் பிசைய வேண்டும். உப்பு மிகுதி என்பதால் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். மிதத்தல், மூழ்கல் செயல்பாட்டுக்கு இதை எடுக்காதீர்கள், தண்ணீரில் கரைந்து கூழாகிவிடும். அதற்கு எண்ணெய்க் களிமண் தனியே வைத்திருக்கிறோம். அதே களிமண்ணை உருண்டையாகப் போட்டால் மூழ்கும், கிண்ணமாக வனைந்தால் மிதக்கும். ‘லேசாகிவிட்டது’ என்று பிள்ளைகள் காரணம் சொல்வார்கள். மறுக்க வேண்டாம். ஒரே அளவான இரண்டு உருண்டைகளைத் தராசில் சமன்பார்த்து, ஒன்றை மட்டும் கிண்ணமாக்கி மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள். தராசையும் களிமண்ணையும் சேர்த்தே அனுப்புவது இதனால்தான்.

கடிகாரப் பெட்டி திரும்பப் பெறப்பட்டது. முட்கள் தனித்தனியே சுழன்றதால், மூன்றரை மணிக்குச் சிறிய முள் மூன்றிலேயே நின்றது. தவறான கடிகாரத்தைக் காட்டுவதைவிடக் காட்டாமல் இருக்கலாம். சரியான கடிகாரம் வரும்வரை, சிறிய முள் மட்டும் உள்ள கடிகாரத்தில் ‘மூன்றைத் தாண்டியது, நான்கை நெருங்குகிறது’ என்று பழக்குங்கள்.

இனி சொல்ல விரும்பாத, சொல்லியே ஆக வேண்டிய பகுதி. வண்ணக்கோல் பெட்டிகள் திரும்பி வரும்போது வெள்ளைக் கோல்கள் குறைகின்றன. ஒரு சென்டிமீட்டர்தானே என்று நினைக்கலாம். வெள்ளை இல்லாவிட்டால் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலத்தை வைத்த பிள்ளை மிச்ச இடத்தை நிரப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கும். குச்சிகள் கட்டியபடியே திரும்புகின்றன. நீட்டி வைத்த ரப்பர் வளையம் காய்ந்து குச்சியோடு ஒட்டி அறுகிறது. பாடம் முடியும்போது பிள்ளைகளையே கட்டச் சொல்லுங்கள்; 11 கட்டு இருந்தால் கணக்கு சரி. பிறகு அவிழ்த்து, வளையங்களைத் தனி உறையில் போடுங்கள். மற்ற பெட்டிகளின் அடித்தட்டில் ஒவ்வொரு பொருளின் வெளிக்கோடும் வரையப்பட்டிருக்கிறது. காலியான உருவம் தெரிந்தால் மேசைக்கு அடியில் தேடிவிட்டு மூடியை மூடலாம்.

ஒரு பெட்டி சென்ற பருவத்தில் போனது, இன்னும் வரவில்லை. யாரிடம் என்பது பதிவேட்டில் இருக்கிறது. பெயரை இங்கே வாசிக்கப் போவதில்லை.

பெட்டிகளை எடுத்துச் சென்றவர்களில் சந்தா கட்டாதவர்களே அதிகம் என்பதையும், பெட்டி தயாரிப்பு நாட்களில் கத்தரிக்கோல் பிடிக்க வந்தவர்கள் ஒரு மேசைக்குக்கூட நிறையவில்லை என்பதையும் பொதுக்குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். சந்தா என்பது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. நினைவூட்டல் பலமுறை போயிற்று.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு ஒப்பமிடப்பட்டுள்ளது. செலவு வரவைச் சற்றே மிஞ்சியது. பாக்கி வந்தால் சரியாகிவிடும். விவரம் வேண்டுவோர் பொருளாளரைக் கேட்கலாம்.

வழிநடத்திய தலைவருக்கும், கணக்கைப் பார்த்த தணிக்கையாளருக்கும், அட்டை வெட்டிக் கொடுத்த சில உறுப்பினர்களுக்கும், அறையைத் திறந்து தந்த காவலருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நீளமளத்தல் பெட்டியும் விதைமுளைப்புப் பெட்டியும் திட்டத்தில் இருக்கின்றன. இவற்றைச் செய்ய நான்கு பேர் வேண்டும், இப்போது பெயர் கொடுத்திருப்பவர் ஒருவர், அவரும் செயலாளர்தான். பெட்டிகளை அடுக்கிவைக்க இடமும், தொலைபேசியில் நினைவூட்டப் பொறுமையும் உள்ள எவரேனும் இப்பொறுப்பை ஏற்க முன்வந்தால் குறுக்கே நிற்க மாட்டேன். எவரும் முன்வராவிட்டால், வரும் பருவம் முதல் சந்தா ரசீதைக் காட்டினால்தான் பெட்டி வழங்கப்படும் என்ற தீர்மானத்தை இன்றே முன்மொழிய அனுமதி கோருகிறேன். ரசீதுப் புத்தகம் பொருளாளர் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்