யாழ்ப்பாணத்துக்கு 25 நிமிடம் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து அண்டை நாட்டு நகரங்களுக்கான வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் தங்கள் இதழின் பயணப் பகுதி அட்டவணையாகத் தந்திருந்தது. அதில் யாழ்ப்பாணம் 355 கிலோமீட்டர் என்றிருப்பது சரி. 25 நிமிடம் என்றிருப்பது சரியன்று. தொலைவை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து வந்த விடை அது என்று தோன்றுகிறது. ஆனால், அந்த வழித்தடத்தில் ஜெட் விமானம் ஓடுவதே இல்லை.

யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலியில் ஓடுபாதையின் நீளம் ஏறக்குறைய 1,400 மீட்டர்தான் என்பதால், 2019 அக்டோபரில் அது பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டதிலிருந்து சென்னைக்கும் அதற்கும் இடையே போய்வருபவை இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் 72 விமானங்களே. அவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கணக்கிட்டாலும் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். விமான நிறுவனங்களின் கால அட்டவணையோ ஒன்றேகால் மணி நேரம் அளவில் காட்டுகிறது. இது மிகையன்று. சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் முழுவதும் அதில் அடங்கும். மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து சென்று முறைக்காகக் காத்து நிற்பதும், மேலேறுவதும், நிலையான உயரத்தைத் தொட்ட சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்குவதும் அந்தக் கணக்கில் வந்துவிடுகின்றன. தொலைவு குறையக் குறைய இவற்றின் பங்கு கூடுகிறது. அதனால்தான் சுமார் 645 கிலோமீட்டர் தள்ளியுள்ள, கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்காவுக்கு ஜெட் விமானத்தில் போகிறவரும் ஏறக்குறைய அதே நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

நேர்கோட்டில் பார்த்தால் மதுரையை விட யாழ்ப்பாணமே சென்னைக்கு அருகில் இருக்கிறது என்பதைப் பலர் நம்பவே மாட்டார்கள். இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோன் 1947 டிசம்பரில் தன் முதல் சேவையைத் தொடங்கியபோதும் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. அவ்வளவு பழைய வழித்தடம் இது.

25 நிமிடம் என்று படிப்பவர், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என எண்ணக்கூடும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்கு வரச் சொல்கிறார்கள்; இறங்கிய பின் குடிவரவு, சுங்கச் சோதனைகளும் உண்டு. ஆகவே, இனி இத்தகைய அட்டவணைகளில் நேர்கோட்டுத் தொலைவை ஒரு பத்தியிலும், விமான நிறுவனம் அறிவித்துள்ள பயண நேரத்தை, விமானத்தின் வகையோடு சேர்த்து, மற்றொரு பத்தியிலும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கொழும்பு, மாலே, சிங்கப்பூர் ஆகியவற்றுக்குத் தந்துள்ள நேரங்களும் இதே வகுத்தல் முறையில் வந்தவையாகவே தெரிகின்றன. அவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், நங்கநல்லூர், சென்னை