நடுவில் நின்றால் தெரியாத பிழை

மன்னார்குடி
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கிடங்கு வேலையில், தூண்களை அடியில் இணைக்கும் பிளிந்த் பீம் போட்டு முடிகிற வரை பேனாவைத் தொட நேரமில்லை. அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை, வாசல் வரை நடக்கிறார். நீ சொந்தமாக வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்துவிட்டாய் என்று சொன்னதும் உன்னைத்தான் முதலில் விசாரித்தார். உன் மகனும் உன்னோடு சைட்டுக்கு வருகிறான் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

லென்ஸ் வழியாகப் பார்த்து மட்டம் எடுக்கும் பழைய ஆட்டோ லெவல் ஒன்று வாங்கியிருக்கிறாய், குமிழி அழகாக நடுவில் நிற்கிறது, லென்ஸும் தெளிவு, இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியைப் போன மாதம் நான் என்னையே கேட்டிருந்தால் ஒரு பெரிய சங்கடம் வந்திருக்காது. அதை முதலில் சொல்கிறேன்.

இங்கே 60 மீட்டர் நீளத்தில் ஒரு நெல் கிடங்கு. கிழக்கு ஓரத்தில் ஒரு புங்க மரம். வெயிலுக்குப் பயந்து அதன் நிழலிலேயே முக்காலியை நிறுத்தி, ஒரே இடத்திலிருந்து எல்லாத் தூண்களுக்கும் பிளிந்த் மட்டம் குறித்தேன். முதல் தூண் 5 மீட்டரில், கடைசித் தூண் 61 மீட்டரில். குமிழி நடுவில்தான் இருந்தது. அந்த மட்டத்துக்கே சென்ட்ரிங் பலகையும் அடித்தாயிற்று, மறுநாள் காங்கிரீட். சாயங்காலம் எங்கள் பெரிய கொத்தனார் வந்து, "சார், மேற்கே ஏத்தமா இருக்கு" என்றார். வெறும் கண்ணால் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. 20 மீட்டர் டியூப்பில் தண்ணீர் பிடித்து, காற்றுக் குமிழ் போகத் தட்டி, தூணுக்குத் தூண் மாற்றிக்கொண்டே போய்ப் பார்த்தோம். மேற்குக் கோடியில் 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது.

அந்த இரவு தூக்கமில்லை. இதே கருவியை வைத்துத்தான் அதற்கு முந்தின வாரம் வடிகால் மட்டமும் எடுத்திருந்தேன். விடிந்ததும் முதல் வேலையாக டெஸ்ட் செய்தேன். பாலிடெக்னிக்கில் நாம் டம்பி லெவலை, அதுதான் நீளக் குமிழி வைத்த அந்தப் பழைய வகைக் கருவியை, வைத்துக்கொண்டு மைதானத்தில் செய்தோமே, அதே இரண்டு முளை டெஸ்ட். அப்போது ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்தோம். இப்போது அந்த ஒவ்வொரு எண்ணும் எனக்கு முக்கியமாகிவிட்டது.

சமதளமான இடத்தில் 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்தேன். சரியாக நடுவில், அதாவது இரண்டுக்கும் 30 மீட்டரில், லெவலை வைத்தேன். முளை மேல் ஸ்டாஃபை, அதாவது அளவு குறித்த நீளக் கோலை, நிறுத்திப் படித்தேன். முதல் முளையில் 1.452 மீட்டர், இரண்டாவதில் 1.318. வித்தியாசம் 0.134. இந்த வித்தியாசத்தை நீ கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பார்வைக் கோடு மேலே சாய்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே தூரம் என்பதால் ஒரே அளவுதான் ஏறும், கழிக்கும்போது காணாமல் போய்விடும். பார்வைக் கோடு இப்படிச் சாய்ந்துபோன கருவிகூட நடுவில் வைத்தால் சரியான விடை சொல்லும்.

அப்புறம் கருவியைத் தூக்கிக்கொண்டுபோய், அதே நேர்கோட்டில் முதல் முளைக்கு 3 மீட்டர் பின்னால் வைத்தேன். பக்கத்து முளையில் 1.503. அப்படியானால் தூரத்து முளையில் 1.369 வர வேண்டும். வந்தது 1.393. 24 மில்லிமீட்டர் அதிகம்! 60 மீட்டருக்கு 24 என்றால் மீட்டருக்கு 0.4. கிடங்கின் முதல் தூணுக்கும் கடைசித் தூணுக்கும் 56 மீட்டர் வித்தியாசம், அதை 0.4-ஆல் பெருக்கினால் 22 மில்லிமீட்டர். கொத்தனாரின் டியூப் காட்டியதும் அதுதான். அந்த இடத்திலேயே அவரைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டி நன்றி சொன்னேன்.

அன்றைக்குத்தான் உதவிக்கு வரும் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான், பத்து நாள் முன்னால் லெவல் வண்டியிலிருந்து பெட்டியோடு கீழே சரிந்ததாம். அவனைத் திட்டவில்லை. விழுந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று அவனிடம் நான் ஒருநாளும் சொல்லி வைத்ததில்லை. உன் மகனிடம் இதை முதல் நாளே சொல்லிவிடு, சொன்னால் திட்டு விழாது என்பதையும் சேர்த்துச் சொல்.

வடிகால் தப்பித்தது. அங்கே ஒவ்வொரு நிலையிலும் பேக் சைட்டும் ஃபோர் சைட்டும், அதாவது பின்னால் பார்க்கும் புள்ளியும் முன்னால் பார்க்கும் புள்ளியும், ஏறக்குறைய சம தூரத்தில் வைத்து நகர்ந்திருந்தேன். திரும்பச் சோதித்தபோது மட்டம் ஒழுங்காகவே இருந்தது.

சரி செய்வது எப்படி என்று கேட்பாய். அதற்கு முன்னால் வட்டக் குமிழியைப் பார்த்துவிடு. அடித் திருகுகளால் நடுவுக்குக் கொண்டுவந்து, கருவியை 180 டிகிரி திருப்பு. குமிழி விலகினால், விலகலில் பாதியை அடித் திருகால் சரிசெய், மீதிப் பாதியைக் குமிழியின் சின்னத் திருகுகளால் சரிசெய். உள்ளே காம்பன்சேட்டர், அதாவது கருவி லேசாகச் சாய்ந்தாலும் பார்வைக் கோட்டைத் தானாக மட்டமாக்கும் அமைப்பு, வேலை செய்கிறதா என்பது அதைவிட முக்கியம். ஒரு ரீடிங் எடு. ஸ்டாஃப் பக்கமாக இருக்கும் அடித் திருகை லேசாகத் திருப்பி, குமிழி வட்டத்தை விட்டு வெளியே போகாத அளவுக்கு நகர்த்தி, மறுபடி படி. ரீடிங் மாறக் கூடாது. முக்காலியின் காலை விரலால் மெல்லத் தட்டினால் படம் ஆடி, பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். உள்ளே தொங்குவது ஒரு ஊசல்தானே, அது சிக்கிக்கொண்டால் குமிழி நடுவில் நின்றபடியே கருவி பொய் சொல்லும். அப்படியிருந்தால் நீ திறக்காதே, சர்வீஸுக்கு அனுப்பு. 1950-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் என்ஐ 2 என்ற கருவியில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1832-இல் கிராவட் டம்பி லெவலை உண்டாக்கி நூறு வருடத்துக்கு மேல் நீளக் குமிழியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் அந்த நிம்மதியால்தான் நாம் சோதிப்பதையே மறந்துவிட்டோம் என்று எனக்குப் படுகிறது.

இப்போது குறுக்கு நூல், லென்ஸுக்குள் தெரியும் அந்தப் படுக்கைக் கோடு. இரண்டாவது நிலையிலேயே கருவியை அசைக்காமல் நில். பக்கத்து முளை 3 மீட்டரில் இருப்பதால் அந்த ரீடிங்கிலும் 1 மில்லிமீட்டர் பிழை உண்டு. தூரத்து முளை 63 மீட்டர், 0.4-ஆல் பெருக்கினால் 25 மில்லிமீட்டர். ஆக நூல் நிற்க வேண்டிய இடம் 1.368. கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னத் திருகு தெரியும், அதற்கான ஆலன் கீயோ ஊசியோ பெட்டியிலேயே இருக்கும். கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, நூலை 1.368-க்குக் கொண்டுவா. எந்தப் பக்கம் திருப்புவது என்பது கருவிக்குக் கருவி மாறும். முடிந்ததும் இரண்டு நிலைகளையும் முதலிலிருந்து செய். நான் மூன்று தடவை செய்தேன். 60 மீட்டருக்கு 3 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் நான் தொடமாட்டேன். கட்டட வேலைக்கு அது போதும், கிளறக் கிளறத் திருகுதான் தளர்ந்துபோகும். பூமியின் வளைவு என்று உன் மகன் கேட்டால், இந்தத் தூரத்துக்கு அது 0.3 மில்லிமீட்டர்கூட வராது என்று சொல்.

டெஸ்ட் செய்யும் நேரமும் முக்கியம். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடு. பத்து மணிக்கு மேல் தரையில் கானல் ஆடும், மில்லிமீட்டரைப் படிக்கவே முடியாது. முதலில் வெள்ளைத் தாளைப் பார்த்து நூல் கறுப்பாகத் தெரியும்படி ஐபீஸைச் சரிசெய், பிறகு ஸ்டாஃபுக்கு ஃபோகஸ் செய், கண்ணை மேலும் கீழும் ஆட்டிப் பார், நூல் நகரக் கூடாது. இழுத்து நீட்டும் அலுமினிய ஸ்டாஃபின் பூட்டுப் பட்டன் "டக்" என்று விழுந்திருக்கிறதா, அடியில் சேறு ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள். இவற்றை விட்டுவிட்டு வரும் தப்பைக் கருவி மேல் போட்டு, நல்ல திருகைக் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிடங்கில் பலகையை இறக்கி மட்டம் மாற்ற இரண்டு நாள் ஆனது. இந்தத் தடவை முக்காலியைக் கிடங்கின் நடுவில், நல்ல வெயிலில் வைத்தேன், பையன் குடை பிடித்தான். கொத்தனார் டியூப்போடு பின்னாலேயே வந்தார். கோடிக்குக் கோடி வித்தியாசம் 2 மில்லிமீட்டர். மறுநாள் காங்கிரீட் போட்டோம்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உன் கருவியையும் கொண்டு வா, மடியில் வைத்துக் கொண்டு வா. நம் பள்ளிக்கூட மைதானம் நீளமாகவே இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று விடியற்காலையில் போய்விடுவோம், முளை நான் கொண்டு வருகிறேன், ஸ்டாஃபை உன் மகன் பிடிக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்