யூத மாணவர் சங்கம்: 2024–25 ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நம் சமய ஆசானான ரபி அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024–25 கல்வியாண்டில், அதாவது எபிரேய ஆண்டு 5785-இல், சங்கம் ஆற்றிய பணிகளின் அறிக்கையை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். அடுத்த செயற்குழுவுக்குக் கைகொடுக்கும் என்பதால் செய்முறைகளைச் சற்று விரித்தே எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் மாதம்

இந்த ஆண்டு அக்டோபர்ப் பெருநாட்கள் எல்லாம் வியாழனிலும் வெள்ளியிலும் வந்து விழுந்தன. புத்தாண்டான ரோஷ் ஹஷானா 3, 4. சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகையின் முதல் இரு நாட்கள் 17, 18. அதையடுத்த நிறைவு நாட்களான ஷெமினி அட்செரெத்தும் சிம்ஹாத் தோராவும் 24, 25. ஒவ்வொன்றின் பின்னும் ஓய்வுநாளான சனிக்கிழமை. எழுதக் கூடாது, கணினியைத் தொடக் கூடாது, பேருந்து ஏறக் கூடாது என்ற மூன்று நாட்கள் ஒரே மாதத்தில் மும்முறை வந்தன. வியாழக்கிழமை ஆய்வகம் உள்ள முதலாண்டு மாணவருக்குப் பருவம் தொடங்கிய கையோடு மூன்று ஆய்வக வகுப்புகள் போயின. நோன்பு நாளான யோம் கிப்பூர் மட்டும் 12-ஆம் தேதி சனிக்கிழமை வந்ததால் வகுப்புகளுக்கு இடைஞ்சல் இல்லை.

துறைகளுக்கு எழுதும்போது விடுப்புக் கேட்பதைவிட, அந்த வாரம் மட்டும் வேறு பிரிவோடு அமர அனுமதி கேட்பதே பலிக்கிறது. விடுப்பு என்றால் வருகைப்பதிவுச் சிக்கலாகி மேலிடத்துக்குப் போகிறது. பிரிவு மாற்றம் என்றால் ஆய்வகப் பொறுப்பாளரே முடித்துவிடுகிறார். பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் சமய நம்பிக்கைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தால் போதும். பெருநாள் முந்தின நாள் சூரியன் மறைவதற்கு முன்பே தொடங்கிவிடும் என்பதை மறக்காமல் எழுத வேண்டும். அந்த வரி இல்லாத கடிதங்களால் புதன்கிழமை மாலை வகுப்புகளில் குழப்பம் வருகிறது.

பெருநாள் வெள்ளிக்கிழமை வந்தால், அன்று ஓய்வுநாளுக்காகச் சமைக்க ஏருவ் தவ்ஷிலின் என்னும் அடையாள உணவை முன்னரே எடுத்து வைக்க வேண்டும். புதன்கிழமை சூரியன் மறையுமுன் ஒரு ரொட்டியையும் ஓர் அவித்த முட்டையையும் எடுத்து, உரிய ஆசியுரை சொல்லித் தனியே வைப்பது முறை. வெள்ளிச் சமையல் முடியுமுன் யாராவது அந்த முட்டையைத் தின்றுவிட்டால், அதை நம்பி மேற்கொண்டு சமைக்க முடியாது. பொதுச் சமையலறையில் இது நடக்கக்கூடியதே. டப்பாவில் போட்டு, எழுதி ஒட்டி, குளிர்பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். பெருநாளில் புதிதாகத் தீ மூட்டக் கூடாது, எரிகிற தீயிலிருந்து பற்றவைக்கலாம். அதற்காக மூன்று நாள் எரியும் மெழுகு விளக்கு ஒன்றைப் புதன் மாலையே ஏற்றிவிடுகிறோம்.

கூடாரம்

சுக்கோத் கூடாரத்தை மாணவர் மன்றத்தின் பின்முற்றத்தில் கட்டினோம். இடம் பார்க்கும்போது முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும்: மரக்கிளையோ கட்டடத்தின் நீட்சியோ மேலே இருந்தால் அந்த இடம் ஆகாது. கூரை, மண்ணிலிருந்து வெட்டியெடுத்த தாவரப் பொருளாக இருக்க வேண்டும். வெயிலைவிட நிழல் மிகுதியாக விழ வேண்டும். மூங்கில் கழியும் பச்சைக் கிளையும் போட்டோம். அவற்றைக் கம்பியாலோ நெகிழி நாடாவாலோ கட்டுவதில்லை.

சுவர்தான் பெரும்பாலான மாணவர் கூடாரங்களில் பழுதாகும் இடம். கித்தான் சுவர் சாதாரணக் காற்றுக்கே படபடத்தால் அது சுவராகக் கொள்ளப்படாது. இதற்குத் தீர்வு, தரையிலிருந்து 20 செ.மீ. இடைவெளிக்கு ஒன்றாக ஐந்து பட்டை வார்களை இழுத்துக் கட்டுவது. ஒரு மீட்டர் உயரத்துக்கு வார்கள் வந்துவிட்டால், கித்தான் ஆடினாலும் வார்களே சுவராகிவிடும்; மூன்று கையகலத்துக்குக் குறைவான இடைவெளி அடைபட்டதாகவே எண்ணப்படும் என்பது சமயச் சட்டம். மழைக்கு மேலே விரிக்கும் நெகிழித் தாளைச் சாப்பிட உட்காருமுன் விலக்கிவிட வேண்டும். பெருநாளன்று அதை எப்படி விலக்குவது என்று கட்டும்போதே ரபியிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

சுக்கோத்தில் கையில் ஏந்தும் நான்கு தாவர வகைகளில் நாரத்தை இனமான எத்ரோக்கும், பேரீச்சையின் விரியாத குருத்தோலையும் ஏழு நாளும் தாங்கும். ஆற்றலரி தாங்காது, மூன்றாம் நாளே இலை கறுத்து உதிரும். ஈரத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைப்பதோடு, மாற்றுக் கொப்புகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். எத்ரோக்கின் நுனிக்காம்பு ஒடிந்தால் அந்தப் பழம் முதல் நாளுக்கு ஆகாது. கையில் எடுத்துப் பார்க்க விரும்பும் முதலாண்டு மாணவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வெள்ளி இரவு விருந்து

ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலையில் நடக்கும் இந்த விருந்தே சங்கத்தின் உயிர்நாடி. வேறெதற்கும் வராதவர்கள்கூட இதற்கு வருகிறார்கள். வீட்டில் சமயம் கடைப்பிடிக்காமல் வளர்ந்த மாணவர் பலர் திராட்சை இரசத்தின் மேல் சொல்லும் ஆசியுரையான கித்தூஷை முதன்முதலில் கேட்பது இந்த மேசையில்தான். ஆகவே இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓய்வுநாள் ரொட்டியான ஹலாவுக்கு நம் அளவு: மைதா 2 கிலோ, தண்ணீர் 900 மில்லி, முட்டை 4, எண்ணெய் 200 மில்லி, சர்க்கரை 200 கிராம், உலர் ஈஸ்ட் 30 கிராம், உப்பு 35 கிராம். அரைக்கிலோ எடையில் ஏழு பின்னல் ரொட்டிகள் வரும். இறைச்சியையும் பால்பொருளையும் சேர்த்து உண்ணக் கூடாது; இந்த ரொட்டியை இறைச்சியோடு உண்பதால் வெண்ணெய் சேர்ப்பதில்லை. முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளையில் உடைத்து, இரத்தப் புள்ளி இல்லையென்று பார்த்த பிறகே மாவில் சேர்க்க வேண்டும். மாவு 1.7 கிலோவுக்கு மேல் போவதால் ஆசியுரையுடன் ஒரு துண்டு பிரித்தெடுக்கும் கடமையும் நிறைவேறுகிறது. குளிர்காலத்தில் நம் சமையலறை சில்லிட்டிருக்கும். மாவு பொங்க இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் பின்னல் பக்கவாட்டில் பிளந்துகொள்கிறது. டிசம்பரில் இங்கே பிற்பகல் மூன்றரை மணிக்கே ஓய்வுநாள் விளக்கேற்றும் நேரம் வந்துவிடும் என்பதால், அந்த மாதம் மாவைக் காலை எட்டு மணிக்கே பிசைந்துவிட வேண்டும்.

சூடு காக்கும் தட்டும் வெந்நீர்க் கொதிகலனும் ஒரே நீட்டிப்புப் பலகையில் சொருகப்படுவது ஆபத்து. 13 ஆம்பியர் ஃபியூஸ் ஏறக்குறைய 3000 வாட் வரைதான் தாங்கும். பெரிய கொதிகலன் ஒன்றே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ஃபியூஸ் போய்விட்டால் ஓய்வுநாளில் அதை மாற்ற முடியாது. இரவுச் சாப்பாடும், இரவு முழுவதும் வேகும் மறுநாள் உணவான சோலென்ட்டும் ஆறிப்போகும். கொதிகலனுக்குத் தனிச் சுவர்ச் செருகி கட்டாயம். சோலென்ட் பானையில் பருப்பும் பார்லியும் இரவு முழுவதும் நீரை உறிஞ்சும். விளக்கேற்றுமுன் ஒரு விரற்கடை மிகுதியாகவே தண்ணீர் நிற்க வேண்டும்.

இறைச்சிப் பாத்திரங்களுக்குச் சிவப்பு, பால் பாத்திரங்களுக்கு நீலம் என்ற ஒட்டுத்தாள் முறை தொடர்கிறது. பாத்திரம் கழுவும் பஞ்சுக்கும் நிறம் வேண்டும். கலப்பு பெரும்பாலும் தொட்டியில்தான் நேர்கிறது.

விடுதிகள்

விடுதி அறைகளில் மெழுகுவர்த்திக்குத் தடை இருப்பதால் ஓய்வுநாள் விளக்கைச் சங்க அறையில் கண்காணிப்போடு ஏற்றுகிறோம். ஓய்வுநாளில் மின்கருவியை இயக்கக் கூடாது என்பதால் மின்னட்டைப் பூட்டும் ஆள் நடமாட்டத்தில் எரியும் தாழ்வார விளக்கும் இதைவிடச் சிரமமானவை. சாவிப் பூட்டு உள்ள அறையை விடுதி விண்ணப்பத்திலேயே கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. சேர்ந்தபின் கேட்டால் கிடைப்பதில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்குக் கோடையில் அனுப்பும் வரவேற்புக் கடிதத்தில் இது முதல் செய்தியாக இருக்கட்டும்.

தொழுகை

பெற்றோரை இழந்த மாணவர் அவர்களுக்காகக் கதீஷ் என்னும் வேண்டுதலைச் சொல்லப் பத்துப் பேர் கொண்ட மின்யான் வேண்டும். குளிர்காலத்தில் பிற்பகல் தொழுகையான மின்ஹாவை ஒரு மணிக்கு வைத்தோம். கால் மணி நேரத்தில் முடிகிறது, அடுத்த வகுப்புக்கும் போய்ச் சேரலாம். வைதிக முறையில் பத்தும் ஆண்களாக இருக்க வேண்டும். இருபாலரையும் சேர்த்து எண்ணும் முறையினருக்கு வேறு அறையில் தனித் தொழுகை. இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்து, எல்லோரும் ஒரே மேசைக்கு வருகிறோம். இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட வேண்டாமென்று புதிய குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்ற நிகழ்ச்சிகள்

விளக்குப் பண்டிகையான ஹனுக்கா டிசம்பர் 25 மாலை தொடங்கியதால் முழுவதும் விடுமுறையில் போயிற்று. எட்டு இரவுக்கும், மற்றவற்றை ஏற்ற உதவும் பணிவிளக்கோடு சேர்த்து 44 திரிகள் வேண்டும். விடுதியில் தங்கியவர்களுக்குப் பெட்டியாகக் கொடுத்தனுப்பினோம். நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட 80-ஆம் ஆண்டு நினைவை ஜனவரி 27 அன்று பிற சங்கங்களோடு சேர்ந்து கடைப்பிடித்தோம். எஸ்தர் சுருளை வாசிக்கும் பூரிம் பண்டிகை மார்ச் 14, வெள்ளி. ஓய்வுநாள் நெருங்குவதால் விருந்தை நண்பகலுக்கு முன்பே முடித்தோம். சுருளில், யூதரை அழிக்க முயன்ற ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் சத்தம் எழுப்பலாம். ஆனால் ஒரு சொல்லும் தவறாமல் கேட்பது கடமை. அரங்கம் அடங்கும்வரை வாசிப்பவர் காத்திருக்க வேண்டும்.

இரண்டு உரைகள் நல்ல பயன் தந்தன. 1869-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற நூமா ஹார்ட்டாக், யூதர் என்பதால் சமய உறுதிமொழி ஏற்க முடியாமல், கல்லூரி ஆய்வாளர் பதவியை இழந்தார். அந்த உறுதிமொழியை நீக்கிய சட்டம் 1871-இல் வந்தது. அதே ஆண்டு அவர் பெரியம்மையில் இறந்தார். விடுப்புக் கடிதம் எழுதும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வரலாறு இது. மற்றொன்று கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடி, நோட்டுகளில் எழுதிக் காத்த பாடல்களைப் பற்றியது. 1568-இல் எழுந்த பரதேசி ஜெபஆலயத்தின் படங்களோடு அது நடந்தது.

எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாஸ்கா இரவு இம்முறை ஏப்ரல் 12, சனிக்கிழமை. பாஸ்காவின் முந்தின பகல் ஓய்வுநாளாக வந்ததால் வீட்டில் எஞ்சிய புளித்த உணவைத் தேடுதல் வியாழன் இரவுக்கும் அதை எரித்தல் வெள்ளிக் காலைக்கும் மாறின. விடுமுறையில் ஊர் திரும்பாத வெளிநாட்டு மாணவர்களுக்காகச் சேதர் என்னும் பாஸ்கா இரவு விருந்தை நடத்தினோம். பாஸ்காவில் அரிசி, பருப்பு உண்ணும் செபார்தி (ஸ்பானிய வழி) மரபினருக்கும் உண்ணாத அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி) மரபினருக்கும் தனித்தனிக் கரண்டிகளும் பெயர்ச்சீட்டும் வைத்தது வசதியாக இருந்தது.

தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷவுவோத் ஜூன் 2, 3 தேதிகளில், தேர்வுகளின் நடுவே வந்தது. அந்நாட்களில் தேர்வு இருந்தவர்கள் பண்டிகை முடிந்த மறுநாள் எழுத ஏற்பாடாயிற்று; வினாத்தாள் வெளியான நேரத்திலிருந்து எழுதி முடிக்கும்வரை பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட ஒருவரின் மேற்பார்வையில் தனித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர்களோடு தங்கிய ரபி குடும்பத்தினருக்குச் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு

5786-இன் தேதிகள்: ரோஷ் ஹஷானா 2025 செப்டம்பர் 23, 24, யோம் கிப்பூர் அக்டோபர் 2, வியாழன், சுக்கோத் 7, 8, நிறைவு நாட்கள் 14, 15, ஹனுக்கா டிசம்பர் 14 மாலை முதல், பூரிம் 2026 மார்ச் 3, பாஸ்கா ஏப்ரல் 1 மாலை, ஷவுவோத் மே 22, 23. இம்முறை பாதிப்பு செவ்வாய், புதனில். துறைகளுக்கான கடிதம் ஆகஸ்டு முடியுமுன் போக வேண்டும். மே 22 வெள்ளி என்பதால் தேர்வு மாற்றப் படிவங்களை அக்டோபரிலேயே கொடுத்துவிடுங்கள். ஏருவ் தவ்ஷிலின் செப்டம்பர், அக்டோபர்ப் பெருநாட்களுக்குத் தேவைப்படாது; வெள்ளிக்கிழமையைத் தொடும் பாஸ்கா முதல் நாட்களுக்கும் ஷவுவோத்துக்கும் பெருநாள் தொடங்குமுன் வைக்க வேண்டும்.

இவண்,
செயலாளர்