பென்சிலில் எழுதிய நான்கு எண்களுக்கு நன்றி

கவுன்ட்டி நிதி அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்த்த அம்மாவுக்கும், இந்தச் சில மாதங்களாக எங்களோடு நின்ற மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். மீட்பு இல்லத்துக்குப் பணம் ஒதுக்கும் கவுன்ட்டித் தீர்மானம் நிறைவேறிவிட்டது. போதையிலிருந்து மீள்கிறவர்கள் தங்கும் அந்த இல்லம் ஜூலை 1 தாண்டியும் திறந்திருக்கிறது. யாரும் மூட்டை கட்ட வேண்டி வரவில்லை. ஜூன் மாதம் எப்படிப் போனது என்று இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும், அதைத் திரும்பக் கிளறவில்லை.

பெயர் போட வேண்டாம் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தன் வேலையைத்தான் பார்த்தாராம். எங்கள் வரைவை வாங்கி முத்திரை குத்தி மேலே அனுப்புவதுதான் அவர் வேலை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்த மடலுக்கே அவசியம் இருந்திருக்காது, வேறு மாதிரி மடல்தான் எழுதியிருப்போம்.

அவர் செய்தது எவ்வளவு பெரிது என்று புரிய, பணம் வரும் வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் என்ற மூன்று மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் சேர்ந்து, ஓபியாய்டு என்ற, பழக்கமாகிவிடும் வலிநிவாரணிகள் பற்றிய வழக்குகளை முடிக்க 2,600 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்ட செட்டில்மென்ட் 2021-ல் அறிவிக்கப்பட்டது. விநியோக நிறுவனங்களின் பங்கு மட்டும் 18 ஆண்டுத் தவணை. வட கரோலினாவில் மாநில அரசு 15 சதவீதத்தை வைத்துக்கொள்கிறது, மீதி உள்ளூர் ஆட்சிகளுக்கு. 100 கவுன்ட்டிகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இது. பணம் தனிக் கணக்கில் கிடக்கும். கவுன்ட்டியை ஆளும் கமிஷனர்கள் பட்ஜெட்டிலோ தனித் தீர்மானத்திலோ அனுமதி தராமல் ஒரு டாலரைக்கூட எடுக்க முடியாது. அந்த அனுமதியில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இது ஓபியாய்டு செட்டில்மென்ட் பணம் என்ற குறிப்பு, ஒப்பந்தப் பட்டியலில் எந்த எண்ணுள்ள பணிக்கு என்பது, அந்தப் பணிக்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பது.

கமிஷனர்கள் கூட்டத்துக்குப் போகவிருந்த வரைவில் "மீட்பு ஆதரவுப் பணிகளுக்கு" என்று ஒரே வரி, ஒரே தொகை. படிக்க நன்றாகத்தான் இருந்தது. அப்படியே நிறைவேறியிருந்தால் ஆண்டறிக்கையில் எந்த எண்ணின் கீழும் அந்தச் செலவைக் காட்ட முடியாது, தணிக்கையில் மாட்டும், அதைத் திருத்த அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வாடகைத் தேதி போய்விடும்.

அந்த அம்மா ஓரத்தில் பென்சிலால் நான்கு எண்கள் எழுதினார்: 3, 4, 5, 7. ஒப்பந்தத்தின் முதல் விருப்பப் பட்டியலில் (ஆப்ஷன் A) உள்ள 12 பணிகளில் இவை நான்கு. தாங்களே போதையிலிருந்து மீண்டு வந்து மற்றவர்களுக்குத் துணை நிற்கும் பியர் சப்போர்ட் பணியாளர்களின் சம்பளம் 3-ல் வரும். வாடகை, குடியேறும்போது கட்டும் டெபாசிட், மின்சார, தண்ணீர்க் கட்டணம் 4-ல். வேலைப் பயிற்சி, நேர்காணலுக்கு நல்ல உடை, வேலைக்குப் போய்வரப் பயணச்சீட்டு 5-ல். ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நிற்கும்போது உயிர் காக்கும் நாலாக்சோன் மருந்து 7-ல். ஒரே தொகையை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை என்று போட்டார்.

அதோடு விடவில்லை. நான்காம் எண்ணின் வாசகத்தை முழுக்கப் படித்துவிட்டு, ஓபியாய்டு பழக்கத்துக்கான சிகிச்சை மருந்தான பியூப்ரெனார்ஃபின் எடுப்பவர்களை இந்த இல்லத்தில் சேர்ப்பீர்களா என்று கேட்டார். இல்லம் நடத்தப் பணம் கேட்டால், மருந்துச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அங்கே இடம் உண்டு என்பதுதான் அந்த வாசகத்தின் அடிப்படை. இல்லத்தின் பழைய சேர்க்கைப் படிவத்திலோ "எந்த மருந்தும் கூடாது" என்று ஒரு வரி பல ஆண்டுகளாக அப்படியே கிடந்தது. நாடு முழுக்க எத்தனையோ மீட்பு இல்லங்களில் இதே வரி உண்டு. அது அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு முரணாகலாம் என்று மத்திய அரசின் நீதி அமைச்சகம் 2022-லேயே சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், அந்த வரி ஆளையே கொல்லும். படுக்கை கிடைக்க வேண்டுமென்று மெத்தடோன் என்ற அதே வகைச் சிகிச்சை மருந்தையோ பியூப்ரெனார்ஃபினையோ ஒருவர் நிறுத்தினால் உடம்பின் தாங்கும் திறன் இறங்கிவிடும். பிறகு என்றாவது ஒரு நாள் சறுக்கிப் போதைப்பொருளைப் பழைய அளவுக்கு எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். அந்த வரி இப்போது படிவத்தில் இல்லை. மருந்தை அவரவர் பூட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறோம்.

அடுத்தது பணம் கைக்கு வரும் விதம். சின்ன அமைப்புகள் இந்த நிதியில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். வழக்கமான ஒப்பந்தத்தில் முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும், பிறகுதான் கவுன்ட்டி திருப்பித் தரும். சிறையிலிருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை வெளியே வருவார். டெபாசிட் அன்றைக்கே வேண்டும். காசோலை அடுத்த மாதம் வரும். செலவுக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே பணம் இருக்கிறதென்று நிதி அலுவலர் சான்று தர வேண்டும் என்பது வட கரோலினாவின் உள்ளாட்சி நிதிச் சட்டம். அதைத் தாண்ட யாராலும் முடியாது. அந்த அம்மா அதைத் தாண்டவில்லை. இல்லத்திடம், வரி அடையாள எண்ணைத் தரும் டபிள்யூ-9 படிவத்தை முன்கூட்டியே வாங்கிப் பதிவு செய்தார். மூன்று மாதத்துக்கு ஒரே கொள்முதல் ஆணை போட்டு அதில் சான்று வாங்கி வைத்தார். இப்போது ஒவ்வொரு வாரமும் பில் போகிறது, தொகை நேராக இல்லத்துக்கே வருகிறது. புது விதி எதுவும் இல்லை. இருக்கிற விதியைப் பொறுமையாகப் படித்த ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

இந்த நிதியைப் பற்றி வருகிற செய்திகள் பெரும்பாலும் கோபத்தைக் கிளப்பும். நியூ ஜெர்சியின் இர்விங்டன் நகரம் இந்தப் பணத்தில் 6 லட்சம் டாலருக்கு மேல் எடுத்துக் கச்சேரி நடத்தியதாக அந்த மாநிலத்தின் கணக்காய்வு அலுவலகம் 2025-ல் சாடியது. நகரம் அதை ஏற்கவில்லை. 1998-ல் சிகரெட் நிறுவனங்களிடம் வாங்கிய பணத்தில் புகைப் பழக்கத்தை நிறுத்த உதவியது சொற்பம்தான் என்ற பழைய கசப்பும் உண்டு. அதனால்தான் ஓபியாய்டு ஒப்பந்தத்தில் 85 சதவீதமாவது இந்தத் துயரைச் சரிசெய்யும் பணிகளுக்கே போக வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். காகிதத்தில் எழுதினால் போதுமா? அதை எடுத்துப் படிக்க அலுவலகத்தில் ஒருத்தராவது வேண்டுமே.

மற்றவர்களுக்கும் எங்கள் நன்றி. விடுதலையாகிறவர் கையில் ஒரு வார பியூப்ரெனார்ஃபினும் இரண்டு டோஸ் நாலாக்சோனும் கொடுத்தனுப்பும் சிறைச் செவிலியர்களுக்கு: வட கரோலினா சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்கள் முதல் இரண்டு வாரத்தில் ஓபியாய்டால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 40 மடங்கு என்று ஆய்வு சொல்கிறது, சிறைக்குள் மெடிக்கெய்டு என்ற, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. 4 மில்லிகிராம் மூக்கு ஸ்பிரேயை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், ஒரு டோஸ் கொடுத்து 2, 3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் அடுத்த மூக்குத் துளையில் இரண்டாவதைக் கொடுங்கள், எழுந்து உட்கார்ந்துவிட்டாரென்று 911-ஐ அழைக்காமல் விடாதீர்கள், மருந்தின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் அடங்கிவிடும் என்று சலிக்காமல் சொல்லிக் கொடுத்த மருந்தாளருக்கு. நூலக வாசலில் நாலாக்சோன் பெட்டி வைக்க இடம் தந்தவர்களுக்கு. விடிகாலையில் மெத்தடோன் கிளினிக்குக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு. கூட்டத்தில் மூன்று நிமிடம் பேச வந்து, தங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்த பெற்றோருக்கு.

நம் தமிழ் மக்களிடம் ஒரு வார்த்தை. ஒவ்வொரு கவுன்ட்டியும் தன் எல்லைக்குள் இருக்கும் நகரங்களோடு ஆண்டுக்கு ஒரு தடவையாவது இந்த நிதி பற்றிக் கூட்டம் நடத்த வேண்டும், அதில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். வரி கட்டுகிறோம், போய் உட்காருவோம். தீர்மானத்தில் பணியின் எண் இருக்கிறதா, தொகை இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே கவுன்ட்டி சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த பதவியை ஓசையில்லாமல் இந்தக் கணக்குக்கு மாற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பணம் வந்தும் புதிதாக ஒன்றுமே நடக்காமல் போவது அப்படித்தான்.

அந்த அம்மாவுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு இது. நிதியாண்டு முடிந்து 90 நாளுக்குள் அவர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கான விவரங்களை ஆகஸ்ட் முடிவதற்குள் நான்கு எண்களின் கீழும் பிரித்து அவர் மேசையில் வைத்துவிடுவோம். எத்தனை பெட்டி நாலாக்சோன் கொடுத்தோம் என்பதோடு நிறுத்த மாட்டோம். இல்லத்துக்கு வந்தவர்களில் மூன்று மாதம் கழித்தும் அங்கே இருப்பவர் எத்தனை பேர், மருந்தை விடாதவர் எத்தனை பேர், வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர், வெளியேறியவர் ஏன் வெளியேறினார் என்பதும் அதில் இருக்கும். கடைசிக் கேள்விக்கான பத்தியை இப்போதே படிவத்தில் சேர்த்துவிட்டோம்.

நன்றியுடன்,
மீட்பு இல்ல ஆதரவுக் குழுவினர்
வட கரோலினா