கலிகாரியிலிருந்து தொடங்காதீர்கள்: திரைப்படச் சங்க அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜெர்மன் மௌனப் படங்களைத் திரையிடும்போதெல்லாம், சாய்ந்த சுவர்களும் நீண்ட நிழல்களும் கொண்ட ஒரு படப்பிடிப்பு முறைக்குத்தான் எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர் என்பதுபோல உங்கள் அறிமுகவுரைகள் அமைகின்றன. பல ஆண்டுகளாகப் பின்வரிசையில் அமர்ந்து அவற்றைக் கேட்டுவரும் பார்வையாளன் என்ற உரிமையில், அந்த விளக்கத்தை மாற்றக் கோரி இம்மடலை எழுதுகிறேன்.

டாக்டர் கலிகாரி பற்றிய ராபர்ட் வீனேயின் படம் 1920 பிப்ரவரியில் பெர்லினில் திரைக்கு வந்தபோது, ஓவியம், கவிதை, இசை, நாடகம் எனப் பரவியிருந்த எக்ஸ்பிரஷனிசம் என்ற அந்தக் கலை இயக்கத்துக்கு வயது ஏறத்தாழப் பதினைந்து. டிரெஸ்டனில் கட்டடக்கலை பயின்ற கிர்ஷ்னர் உள்ளிட்ட நான்கு மாணவர்கள் 'பாலம்' என்ற ஓவியக் குழுவைத் தொடங்கியது 1905இல். அது கலைந்துபோனது 1913இல். முதல் உலகப் போரில் கிரோடெக் என்ற இடத்தில் நடந்த சண்டைக்குப் பின் படுகாயமுற்ற ஏறத்தாழத் தொண்ணூறு வீரர்களைத் தனியொருவராகக் கவனிக்க நேர்ந்த ராணுவ மருந்தாளரும் கவிஞருமான டிராக்ல் 1914 நவம்பரிலும், ஓவியர் பிரான்ஸ் மார்க் 1916இல் வெர்டன் களத்திலும் இறந்துவிட்டார்கள். சினிமா இந்த ஊர்வலத்தின் வாலில் வந்து சேர்ந்தது.

இசையை நீங்கள் ஒருமுறைகூடக் குறிப்பிட்டதில்லை என்பதே என் பெரிய மனக்குறை. 1911 ஜனவரி 2 அன்று மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் படைப்புகளைக் கேட்டுத் திரும்பிய ஓவியர் காண்டின்ஸ்கி, கறுப்புப் பியானோவைச் சுற்றி மஞ்சள் நிறம் வெள்ளமாய்ப் பாயும் ஓர் ஓவியத்தைச் சில நாட்களிலேயே வரைந்தார். ஷோன்பெர்க்கும் ஓவியம் தீட்டியவர். அவருடைய படங்கள் அவ்வாண்டு இறுதியில் காண்டின்ஸ்கியும் மார்க்கும் நடத்திய 'நீலக் குதிரைவீரன்' கண்காட்சியில் இடம்பெற்றன. 1912இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பு நூலில் ஓவியங்களோடு இசைக் குறிப்புகளும் அச்சாயின. இரவுக் காட்டில் காதலனைத் தேடி அலையும் ஒருத்தியை மட்டுமே மேடையேற்றும் ஷோன்பெர்க்கின் 'எதிர்பார்ப்பு' என்ற இசைநாடகம் 1909இல் எழுதப்பட்டது. அதன் அரைமணி நேரத்தில் நாம் கேட்பது காட்டின் ஓசையா, அவள் மனத்தின் ஓசையா என்று பிரிக்க முடிவதில்லை. கலிகாரி படத்தில் ஒளியையும் நிழலையும் அரங்கத் துணியிலேயே தீட்டிவைத்ததன் நோக்கமும் அதுவே: புறவுலகம் உள்மனத்தின் வடிவத்தை ஏற்க வேண்டும். கோணல் சுவர் அதற்கு ஒரு வழி, அவ்வளவே. பெரும்பாலும் உண்மையான தெருக்களிலும் மலைகளிலும் எடுக்கப்பட்ட, இயக்குநர் முர்னாவின் 'நோஸ்ஃபெரட்டு' படத்தை (1922) உங்கள் இலக்கணத்தில் எங்கே வைப்பீர்கள்?

இவை ஒரே இயக்கம் என்பது அதன் பகைவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. 1933இல் இந்த இயக்கத்தின் நாடகாசிரியர் எர்ன்ஸ்ட் டோலரின் நாடகங்களைத் தீயிலிட்ட நாஜிகள், 1937இல் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று இந்த ஓவியங்களை ஏளனத்துக்கு வைத்தார்கள். மறு ஆண்டு டுசல்டார்ஃபில் 'சீரழிந்த இசை' என்ற கண்காட்சியில் ஷோன்பெர்க்கை இழித்தார்கள். (ஓவியர் நோல்டே தாமே நாஜிக் கட்சி உறுப்பினர், அவரும் தப்பவில்லை. இந்த இயக்கத்தாரை ஒட்டுமொத்தமாகத் தியாகிகளாக்கும் உரைகளும் எனக்கு உவப்பானவையல்ல.)

ஆகவே அடுத்த முறை கலிகாரியைத் திரையிடும் மாலையில், அறிமுகவுரையைப் பாதியாகக் குறைத்து, கிர்ஷ்னரின் மரச்செதுக்கு அச்சுகள் சிலவற்றைத் திரையில் காட்டி, 'எதிர்பார்ப்பு'இன் முதல் பத்து நிமிடங்களை இருட்டில் ஒலிக்கவிட்டு, அதன்பின் படத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒலிப்பதிவு கிடைக்கவில்லையென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
பின்வரிசைப் பார்வையாளன்